படத்துக்குப் பின்னால் பழைய தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணப் பக்கத்தில் லண்டன் என்றாலே அரண்மனை வாசலும் மெழுகு பொம்மைகளும்தான். கென்சிங்டனில் இப்போது மியூசியமாக இருக்கும் ஸ்டாஃபோர்டு டெரஸ் 18-ஆம் எண் வீட்டுக்கு இதுவரை ஒரு வரி கிடைத்ததில்லை, அந்தக் குறையில்தான் எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கா மேல் கெய்ரோவில் ஒரு கால், கேப்டவுனில் ஒரு கால் வைத்து பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் நிற்கும் 1892-ஆம் வருடக் கார்ட்டூனைச் சரித்திரப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்த ‘பஞ்ச்’ நகைச்சுவைப் பத்திரிகை ஓவியர் லின்லி சாம்போர்ன், மனைவி மரியனோடு 1875-ல் குடிவந்த வீடு இது. உள்ளே போனால் சுவரே தெரியாது, அவ்வளவு படம் மாட்டி வைத்திருக்கிறார். விலை கூடின வால்பேப்பர் மாற்றும்போது, படம் மறைக்கிற இடத்துக்கு எதற்குச் செலவு என்று, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறார் மனிதர்! அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. குளியலறையில் பெரிய மார்பிள் தொட்டி, அதில்தான் ஃபோட்டோவும் கழுவினாராம். கார்ட்டூனுக்கு ஒருவர் கை ஓங்கி நிற்க வேண்டுமென்றால் தானே வேஷம் கட்டி நிற்பார், இல்லையென்றால் வீட்டு வேலையாட்களை நிற்கவைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைவார்.

வீடு தப்பியதற்குக் காரணம், அவர் 1910-ல் இறந்த பிறகு யாரும் பெரிதாக எதையும் மாற்றவில்லை என்பதுதான். கல்யாணம் செய்துகொள்ளாத மகன் ராய் 1946 வரை அப்படியே இருந்துவிட்டார். அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் சாம்போர்னின் பேத்தி ஆன். விக்டோரியா காலத்துச் சாமான் என்றாலே அசிங்கம், உடை, தூக்கிப் போடு என்றிருந்த நாட்கள் அவை. அந்தக் காலக் கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்று 1957-ல் இந்த வீட்டு வரவேற்பறையில் கூடிப் பேசித்தான் விக்டோரியன் சொசைட்டி பிறந்தது. அந்தச் சங்கம் போராடியும் யூஸ்டன் ரயில் நிலைய வளைவு 1961-ல் இடிபட ஆரம்பித்தது வேறு கதை. இந்த வீட்டை 1980-ல் லண்டன் மாநகர நிர்வாகமே வாங்கிவிட்டது, பிழைத்தது.

ரோட்ஸை நினைத்துக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம்தான், உங்கள் நிருபரை ஒருமுறை அனுப்புங்கள். வரவேற்பறையோடு திரும்பிவிடாமல், உச்சி மாடியில் பணிப்பெண் படுத்த அறை வரைக்கும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர்