வனுவாட்டு மாணவர்களும் வேதாரண்யத்துப் பிள்ளைகளும்

தஞ்சாவூர்
12.9.2025

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. கண் அறுவை சிகிச்சை முடிந்து நீ மறுபடியும் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டாய் என்று அறிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டதால் பேரன் வாரக் கடைசியில் எங்களிடம் வந்துவிடுகிறான்.

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச உன்னை அழைத்திருப்பதாகவும், பேச்சை எடுத்தாலே பிள்ளைகள் "எல்லாம் முடிந்துபோன கதை, சார்" என்று சொல்லிவிடுவதாகவும் எழுதியிருந்தாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உருகும் பனிப்பாறையின் படத்தையும் 'மரம் வளர்ப்போம்' என்ற வாசகத்தையும் மாறி மாறிக் காட்டியே நாம் அவர்களுக்கு இதைச் சொல்லித்தந்திருக்கிறோம். முன்னது அவர்கள் கைக்கு எட்டாத அளவு பெரியது. பின்னது அவர்களுக்கே நம்பிக்கை வராத அளவு சிறியது. இரண்டுக்கும் நடுவே, யாரிடம், எதை, எந்த உரிமையில் கேட்பது என்ற பாடம் விடுபட்டுப்போனது. அவர்களுடைய பேச்சு மாற வேண்டுமானால் அந்தப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நான் அறிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. வனுவாட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பது தீவுகளும் மூன்று லட்சம் மக்களும் கொண்ட நாடு. நிலப்படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த, பல தீவு நாடுகளைச் சேர்ந்த 27 மாணவர்கள், பருவநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது என்று ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிடலாம் என்று 2019இல் வகுப்பில் எழுந்த யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மாணவர்கள் நேரே போய் அந்த நீதிமன்றத்தின் படியேற முடியாது. பொதுச்சபை போன்ற ஐ.நா. அமைப்பு கேட்டால்தான் அது கருத்துச் சொல்லும். ஆகவே தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் தொடக்கத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள் அந்த நாட்டைப் புரட்டிப்போட்டன. அதே மாதம் 29ஆம் தேதி பொதுச்சபை அவர்கள் வேண்டிய தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் விசாரணை தொடங்கிய முதல் நாளன்று, அந்த மாணவர்களில் ஒருவரான சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியுஹி நீதிபதிகள் முன் நின்று பேசினார். இந்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதில் தவறும் நாடு சர்வதேசச் சட்டத்தை மீறியதாகலாம், இழப்பீடு தரவும் நேரலாம்.

இந்தக் கருத்து எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாதே என்று நீ உடனே கேட்பாய். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையாயிற்றே. கட்டுப்படுத்தாதுதான். ஆனால் தங்கள் தீவுகள் மூழ்குகின்றன என்று உலகத்திடம் இரக்கம் கேட்டவர்களாக இருந்த நிலை மாறி, உப்புநீர் புகுந்து பாழான சேப்பங்கிழங்குத் தோட்டத்தைக்கூட வழக்குக்கு ஆதாரமாக எடுத்துவைக்கும் துணிவு அந்த இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. (நம் வீட்டில் புளிக்குழம்பில் போடுகிற அதே சேப்பங்கிழங்குதான், அந்தத் தீவுகளில் அது சோற்றுக்குச் சமம்.)

நம் பக்கத்திலும் இப்படிப் பேசத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரிப்பெட்டிக்கு மாற்றாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், தலைவர்களின் வெற்று வாக்குறுதிகள் மீது தன் தலைமுறைக்குள்ள கோபத்தை மறைக்காமல் சொன்னார். எங்கள் தெருவில் துணி தேய்ப்பவர் இன்னும் கரியைத்தான் மூட்டுகிறார். கண்டுபிடிப்பு தெருவுக்கு வர வேண்டுமானால் யாராவது அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன்: உத்தரகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே ஒன்பது வயதில், 2017இல், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு 2019இல் தள்ளுபடியானது. ஆனால் 2024இல், கானமயில் என்ற அருகிவரும் பறவையைக் காக்கத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டிருப்பது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகள் (சமத்துவம், உயிர் வாழும் உரிமை) தரும் உரிமை என்று வேறொருவர் வழக்கில் சொல்லிவிட்டது. இதை உன் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்.

உங்கள் ஊரான வேதாரண்யத்துக்கு 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வந்தது. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கூரை பறந்ததும் தென்னந்தோப்பு சாய்ந்ததும் மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் நிச்சயம் நினைவில் இருக்கும். நீ பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர்களை எழுதச் சொல். எந்தக் கிணறு எப்போது உப்புக்கரித்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல். தகரக் கூரை போட்ட வகுப்பறையில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பம் எவ்வளவு என்று ஒரு மாதம் குறித்துவைக்கச் சொல். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரிலேயே மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது என்பதால் அந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு.

காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கிராம சபை கூடும். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லாவிட்டாலும் பெற்றோருக்கு உண்டு. மனுவைப் பிள்ளைகளே எழுதட்டும். நீ எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துக் கொடு, நடையைத் திருத்தாதே. கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வனுவாட்டு மாணவர்களின் கதையை அவர்களுக்குப் புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்பில் படித்துக் காட்டலாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சிவசுப்பிரமணியன்