நிசேயாவில் வேதாகமத்துக்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் (இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர்) பேராயர்களைக் கூட்டி, இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் சுவிசேஷங்களில் எது பைபிளில் இருக்க வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடத்தினார், தோற்றுப்போனவற்றை எரித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாளையங்கோட்டையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்து, "இது நிஜமா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நிசேயாவில் கூடியது ஆரியுஸ் என்பவரின் போதனையால் வந்த சண்டையைத் தீர்க்க. குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவரா, பிதாவாகிய கடவுளோடு ஒரே தன்மை உடையவரா என்பதுதான் கேள்வி. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்றும் பேசினார்கள். சங்கம் என்று சொல்லப்படும் அந்தப் பேராயர் கூட்டம் போட்ட 20 விதிகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன, அதில் ஒன்றுகூட வேதப் புத்தகங்களின் பட்டியலைப் பற்றியது அல்ல. கான்ஸ்டன்டைன் எரிக்கச் சொன்னது ஆரியுஸ் எழுதியவற்றை, சுவிசேஷங்களை அல்ல. புத்தகங்களைப் பீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், நல்லவை மேலே நின்றன, போலிகள் கீழே போயின என்று ஒரு கதை உண்டு. அது 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட கிரேக்கத் தொகுப்பு ஒன்றில் வருவது, அதாவது சங்கம் கூடி ஐந்நூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதை எடுத்துக் கேலி செய்ய, ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது.

பேரரசர் ஒன்று செய்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. தன் புதுத் தலைநகரின் ஆலயங்களுக்காக, செசரியா பேராயர் யூசேபியுஸுக்குக் கடிதம் எழுதி 50 வேதப் பிரதிகள் கேட்டார். நல்ல தோலில், எளிதாக வாசிக்கும்படி, தேர்ந்த எழுத்தர்களைக் கொண்டு எழுதி, இரண்டு அரசு வண்டிகளில் ஏற்றி அனுப்புங்கள் என்கிறார். எந்தெந்தப் புத்தகம் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும், அவற்றை மட்டும், வரிசையாகப் பெயர் சொல்லி எழுதியவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியுஸ். 367ஆம் வருடம், ஈஸ்டர் தேதியை அறிவிக்க எழுதிய சுற்று மடலில் எழுதுகிறார். இதே அத்தனாசியுஸ் இளம் உதவிக்காரராக நிசேயாவுக்குப் போனவர், வாழ்நாள் முழுக்க அந்தச் சங்கத்தின் முடிவுக்காக நாடுகடத்தல் வரைக்கும் பட்டவர். அங்கே பட்டியல் முடிவாகியிருந்தால், 42 வருடம் கழித்து அதை எழுதும்போது "நிசேயாவில் முடிவு செய்தோமே" என்று சொல்லாமல் விட்டிருப்பாரா? அவர் சொல்வதெல்லாம், முன்னோர் கையளித்தவை இவை என்பதுதான்.

சரி, அந்தக் கையளிப்பு எப்படி நடந்தது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். முதலில் வந்தவை சுவிசேஷங்கள் அல்ல, கடிதங்கள். அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியது ஏறக்குறைய கி.பி. 50இல், மாற்கு சுவிசேஷம் அதற்கு இருபது வருடம் கழித்து என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுங்கள், 22ஆம் வசனம். அதுவரை பவுல் பேசிக்கொண்டிருக்க, திடீரென்று "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்" என்று வேறொருவர் நுழைந்து வாழ்த்துச் சொல்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய கை அது. எத்தனையோ முறை வாசித்த பிறகும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். கொலோசெயருக்கு எழுதும்போது, இதை வாசித்துவிட்டு லவோதிக்கேயா சபைக்குக் கொடுங்கள், அவர்களிடமிருந்து வருவதை நீங்கள் வாசியுங்கள் என்று வருகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி, பிரதி எடுத்து, எடுத்ததைக் கட்டாகக் கட்டி வைத்துத்தான் தொகுப்பு உருவானது. யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை.

சச்சரவு இல்லாமல் நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய 144இல் ரோமாபுரிச் சபையைவிட்டு விலக்கப்பட்ட மார்சியன், லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும், அதிலும் வெட்டிச் சுருக்கி வைத்துக்கொண்டார். மற்ற சபைகள் நம்முடையவை எவை என்று உட்கார்ந்து யோசிக்க அதுவும் ஒரு காரணம். 200ஐ ஒட்டிய காலத்தில் அந்தியோகியா பேராயர் செராப்பியோன் ரோசுஸ் என்ற கடலோர ஊருக்குப் போனார். பேதுருவின் பெயரில் ஒரு சுவிசேஷம் அங்கே புழங்கியது, அதை வைத்து மனத்தாங்கல். இதுதான் பிரச்சினை என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று, தான் படிக்காமலே அனுமதி கொடுத்துவிட்டார். அப்புறம் அதைப் பயன்படுத்துகிறவர்களிடமே இரவல் வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரிதான், சில இடங்களில் கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதி, தான் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார். இதில் அரசன் எங்கே வந்தான்? ஒரு மேய்ப்பர் பொறுப்பாகப் படித்துப் பார்த்து, தன் தவறைத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லும்போது என் குரல் கம்மிய இடம் ஒன்று உண்டு. 303ஆம் வருடம் மே 19, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் சிர்த்தா நகரம். வேதப் புத்தகங்களைப் பறித்து எரிக்க வேண்டும் என்பது அப்போதைய ரோமப் பேரரசர் தியோக்கிளேசியனின் கட்டளை. நகர அதிகாரி ஆட்களோடு சபை கூடும் வீட்டுக்கு வருகிறார், என்ன நடந்தது என்று கூடவே ஒருவர் குறிப்பெடுக்கிறார். அந்தக் குறிப்பு பிற்பாடு ஒரு வழக்கில் வாசிக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே அகப்பட்டது ஒரே ஒரு பெரிய புத்தகம். மீதி எங்கே என்றால், வாசகர்கள், அதாவது ஆராதனையில் வேதம் வாசிக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் வீட்டில். அவர்கள் பெயரைச் சொல் என்று நெருக்கும்போது இருவர், "நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, கொல்லச் சொல்லுங்கள், இதோ நிற்கிறோம்" என்கிறார்கள். பிறகு வீடு வீடாகப் போகிறார்கள். ஒரு வீட்டில் நாலு, ஒரு வீட்டில் ஐந்து, இன்னொன்றில் எட்டு. கடைசி வீட்டில் கணவர் இல்லை, மனைவிதான் ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். இன்னும் இருக்கிறதா என்று வீட்டைச் சோதனை போடுகிறார்கள். இது நிசேயாவுக்கு 22 வருடம் முந்தியது. எதை ஒளித்து வைக்க வேண்டும், எதற்காக உயிரைக் கொடுக்கலாம் என்று சாதாரண ஜனங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பட்டியலின் ஓரத்தில் இருந்த சில புத்தகங்களைப் பற்றி மட்டும் வெகுகாலம் இழுபறி இருந்தது. கிழக்கே வெளிப்படுத்தின விசேஷத்தைச் சந்தேகித்தார்கள், மேற்கே எபிரெயருக்கு எழுதின நிருபத்தை. நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் வாசித்த சிரியாக் மொழி வேதத்தின் புதிய ஏற்பாட்டில் 22 புத்தகங்கள்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய ஐந்தும் இல்லை. 1599இல் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம்தான் அவற்றைச் சேர்க்கச் சொன்னது.

எங்கள் சபைகளையும் இதில் விட்டுவிட முடியாது. கறுப்பு அட்டையோடு வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் பிள்ளைகளுக்கு வேதாகமத்தைக் கையில் கொடுக்கிறோம். தெர்தியுவைப் பற்றியும் சிர்த்தாவைப் பற்றியும் சொல்லிக்கொடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரிக்கு அவர்கள் இவ்வளவு பதற மாட்டார்கள். வரும் வாரத்திலிருந்து என் வகுப்பில் இதைப் பாடமாகவே எடுக்கப்போகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் கட்டுரையில் வந்த அந்த ஓட்டெடுப்பு வரி தவறு என்று, அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பிள்ளை வாராவாரம் உங்கள் பத்திரிகையை வாசிப்பவள், தேடிப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை