ஊருணி நிரம்பியது, நன்றி

அன்புள்ள பல்கலைக்கழக மாணவ மாணவியருக்கும் பேராசிரியருக்கும் வணக்கம்.

பெயர் எதுவும் போடக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிக்கும்போது யாரைச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

கார்த்திகை இரண்டாம் வாரத்தில் எங்கள் ஊருணியின் செம்புறாங்கல் படிகளில் ஒன்பது மூழ்கின. பதினோரு வருடங்களாக நான்காவது படியைத் தாண்டாத தண்ணீர் இது.

இத்தனை வருடமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. வசூல் செய்து மூன்று தடவை தூர் வாரினோம். தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் ஆழம் வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். நான்காவது தடவைக்கு ஜேசிபி பேசி முன்பணமும் கொடுத்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அடியில் இருக்கும் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால் வருகிற தண்ணீரும் கீழே இறங்கிவிடும் என்று தடுத்தீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு முன்பு வந்த ஒரு கூட்டம் பதாகை பிடித்துப் படம் எடுத்து, நட்ட கன்றுகளை ஆடுகளுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தது. உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மன்னிக்கவும்.

நீங்கள் ஊருணியை விட்டுவிட்டு, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நடந்தீர்கள். முக்காலியில் மேடு பள்ளம் பார்க்கும் லெவல் கருவியை வைத்து ஒரு பெண் பார்க்க, இன்னொருவர் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைய, மூன்று நாள் வெயிலில் அளந்தீர்கள். எண்பது வயது ஆச்சி ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்து, அந்தக் காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டீர்கள். பழைய தடத்தைக் காட்டியது அவர் விரல்தான். எங்களில் ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை.

குற்றம் சாலைக்கு அடியில் இருந்தது. யாரோ பதித்த குழாய், கால்வாயின் தரையை விட ஒன்றேகால் அடி மேலே நின்றது. மழைநீர் அங்கே முட்டித் திரும்பிப் பொட்டலில் தேங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. தூர் வாரி என்ன பயன்?

குழாயை இறக்கிப் பதிக்கக் கடிதத்தோடு அலைந்த ஊராட்சி எழுத்தருக்கும், முள்ளை வேரோடு எடுத்த நூறு நாள் வேலைப் பெண்களுக்கும், முன்பணத்தைக் கழித்துக்கொண்டு டீசலுக்கு மட்டும் வாங்கிய ஜேசிபி ஓட்டுநருக்கும் இதே மடலில் நன்றி.

கோட்டையூர் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1985இல் அவர் பெயரில் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. ஆனால் எங்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ பஸ் ஏறுகிற இடம். நம் ஊர்ப் பள்ளம் மேட்டைப் பார்த்துச் சொல்லவும் அங்கே ஆள் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் வரைந்த வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கோவில் சுவரில் மாட்டியிருக்கிறோம். படிகளில் நீங்கள் பெயிண்டால் எழுதிய எண்களைத் தினமும் ஒரு பள்ளிச் சிறுவன் நோட்டில் குறிக்கிறான். பங்குனியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அளவு நாடா ஒன்று எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) கிடக்கிறது. அதற்காகவாவது வர வேண்டும். வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவதாக ஆச்சி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஊருணிக் குழுவுக்காகச் செயலாளர்