பதினோரு முகமும் ஒரு தாடியும்: நம்மூர் கிளப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் தம்பிக்கும், போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கிய எல்லாருக்கும் வணக்கம்.

கூட்டத்துக்கு என்னால் வர முடியவில்லை. பொள்ளாச்சியில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. திரும்பி வந்து பஸ் இறங்கியதும் டீக்கடை அலமாரிக் கண்ணாடியில் நீங்கள் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். வேலந்தாவளம் ரோட்டைப் பார்த்த நம் கிளப் சுவரில், நம் கால்பந்து அணி கேரளா பிளாஸ்டர்ஸ் தொடங்கிய 2014லிருந்து இன்றுவரை ஆடியவர்களில் பதினோரு பேர் முகம் வரையப் போகிறீர்கள் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்த வரியைப் படித்த பிறகுதான் டீ ஆறிப்போனது. 'நம்மை விட்டுப் போய் நமக்கு எதிராக ஆடியவர்கள் பெயர் எடுக்கப்படாது.'

வீட்டுக்கு வந்து பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். உங்கள் சட்டப்படி யார் யார் சுவரில் வரலாம், யார் வரக் கூடாது என்று எழுதிப் பார்த்தேன்.

கனடாக்காரர் இயன் ஹியூம் வர மாட்டார். முதல் வருஷம் நம்மை ஃபைனல் வரை இழுத்துப் போனவர், அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், நம் வீட்டுப் பெண்கள்கூட ஹியூமேட்டன், அதாவது ஹியூம் அண்ணன், என்று கூப்பிட்டவர். ஆனால் 2015லேயே கொல்கத்தாவுக்குப் போய்விட்டார். சரி. பியர்சன்? 2014 செமிஃபைனலில் கொச்சியில் 3-0 ஜெயித்துவிட்டு, சென்னையில் போய் 3-0 வாங்கிக்கொண்டு, கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயத்தில் நாம் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கோல் போட்டாரே, அந்தப் பியர்சனும் 2016ல் அதே கொல்கத்தா அணிக்குப் போனவர்தான். ரஃபி 'சென்னையின்' என்ற பெயருள்ள சென்னை அணிக்குப் போனார். வினீத்தும் அங்கேயே போனார். ஜிங்கன், சஹல், ஜீக்சன், டயமண்டகோஸ், ஓக்பெச்சே எல்லாருக்கும் கோடு அடிக்க வேண்டியதுதான்.

யார் மிஞ்சுகிறார் தெரியுமா? பெர்படோவ்! 2017-18 சீசனில் ஒன்பது ஆட்டம், ஒரே ஒரு கோல். போகும்போது கோச்சைத் திட்டிப் பதிவு போட்டுவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு இந்தியாவில் வேறு எங்கும் ஆடவில்லை என்பதால் உங்கள் சட்டத்தில் அவர் பத்தரை மாற்றுத் தங்கம். பெரிய ஆட்டக்காரர், மான்செஸ்டரில் ஆடியவர், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹியூம் இல்லாமல் பெர்படோவ் மட்டும் நம் சுவரில் இருந்தால், ரோட்டில் போகிற கள்ளு வண்டிக்காரர்கூட நிறுத்திக் காரணம் கேட்பார்.

கொஞ்சம் பழைய கதை பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

2016 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, கொச்சியில் கொல்கத்தாவோடு ஃபைனல். பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. வேனுக்கு ஆளுக்கு முன்னூறு. எல்லார் கையிலும் புது இரண்டாயிரம் நோட்டு, யாரிடமும் சில்லறை கிடையாது. கடைசியில் தலைவர் அண்ணன் பால் சொசைட்டியில் வாங்கிவந்த பத்து ரூபாய்க் கட்டை வைத்துத்தான் டிரைவருக்குக் கொடுத்தோம். குதிரான் சுரங்கம் அப்போது திறக்கவில்லை. மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றோம். கலூர் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தபோது மூச்சு விட இடமில்லை, எங்கே திரும்பினாலும் மஞ்சள்.

ரஃபி கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அந்த நிமிடம் யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது அடங்குவதற்குள் அதே மாதிரி ஒரு கார்னரில் செரெனோ சமன் செய்துவிட்டார். 1-1. அப்புறம் பெனால்டி.

கொல்கத்தாவின் முதல் பெனால்டியை எடுக்க வந்தவர் ஹியூம்.

ஸ்டேடியம் முழுக்க விசில். நம் அண்ணன் மட்டும் விசிலடிக்கவில்லை. முகத்தில் மஞ்சள் சாயம், இரண்டு கையும் தலைமேல். "ஏனுங்ணா, கூவுங்க" என்றேன். "எப்படிறா கூவறது" என்றார். ஹியூம் அடித்தார், நம் கீப்பர் ஸ்டாக் தடுத்தார். நான் குதித்தேன். அண்ணனும் குதித்தார், ஆனால் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நம் பக்கத்தில் என்டோய் மேலே அடித்தார், ஹெங்பார்ட் அடித்தது கீப்பர் காலில் பட்டது, 4-3 என்று கோப்பை கொல்கத்தாவுக்குப் போனது.

அந்த ஷூட்அவுட்டில் நமக்காகப் பெனால்டி போட்டவர்களில் ஒருவர் முகமது ரஃபீக். 2014 ஃபைனலில் கடைசி நிமிடத்துக்கும் பிறகு தலையால் முட்டி நம் கோப்பையைப் பறித்த அதே ரஃபீக். இரண்டு வருஷம் கழித்து நம் சட்டையோடு பெனால்டி அடிக்க வந்தபோது நீங்கள் யாரும் அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கவில்லை. உள்ளே போக வேண்டும் என்று குலதெய்வத்தைத்தான் கூப்பிட்டோம். வருகிறவனிடம் ஊர் கேட்பதில்லை, போகிறவனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

ரஃபியும் அப்படித்தான். திருக்கரிப்பூர்க்காரர், மலையாளி, நம் ஆள் என்கிறோம். முதல் சீசனில் அவர் எங்கே ஆடினார்? நம்மைத் தோற்கடித்த கொல்கத்தா அணியில். நம்மிடம் வந்தார், சென்னைக்குப் போனார், அங்கே கோப்பை ஜெயித்தார், மறுபடியும் நம்மிடம் வந்தார். ஹியூமும் அப்படித் திரும்பி வந்தவர்தான். 2018 ஜனவரியில் டில்லியில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று கோல் அடித்தாரே, அன்றைக்கு கிளப்பில் டிவி மேல் மாலை போட்டது யார் என்று நான் சொல்ல மாட்டேன். தாளில் சிவப்புக் கோடு போட்ட கையெழுத்தும் அதே கைதான்.

இனி நம்மைப் பற்றி. நம் கிளப்பில் உறுப்பினர் நாற்பது பேர் என்று வையுங்கள், அதில் பாதிப் பேராவது காலையில் எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போகிறவர்கள். நான் பதினைந்து வருஷமாக லேத் பட்டறையில் நிற்கிறேன். முதல் முதலாளியிடம் ஆறு வருஷம் இருந்தேன். தொழில் கற்றுக் கொடுத்தவர். அடுத்த தெருவில் இன்னொரு பட்டறையில் கூடக் கொடுத்தார்கள், போனேன். அதே கஸ்டமர், அதே பம்பு பாகம், கணக்குப்படி பார்த்தால் அவருக்கு எதிராகத்தான் ஆடுகிறேன். போன தை மாதம் அவர் மகள் கல்யாணத்தில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். என் போட்டோவை அவர் பட்டறைச் சுவரில் மாட்டவில்லைதான். ஆனால் மாட்டியிருந்தால் சுண்ணாம்பு அடித்திருக்க மாட்டார்.

பந்து விளையாட்டுக்காரனுக்கு நம்மைவிடக் குறைந்த காலம். முப்பத்தைந்துக்குள் முடிந்துவிடும். முழங்கால் ஒரு தடவை திரும்பினால் அதற்கும் முன்னாலேயே முடியும். வினீத்துக்கு 2017ல் ஏஜி ஆபீஸ் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை போனது, ஆட்டத்துக்குப் போய் வந்ததில் வருகைப் பதிவு போதவில்லை என்று. அன்றைக்கு நாம் எல்லாரும் அவருக்காகக் கொதித்தோம். ஒன்றரை வருஷத்தில் அவர் சென்னைக்குப் போனதும் அதே வாயால் என்னென்ன சொன்னோம் என்பதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. 'நீ எந்தப் பக்கம்' என்ற கேள்வியை, கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் பேசுகிற நம்மளவுக்குக் கேட்டு அலுத்தவர்கள் யார் இருக்கிறார்கள்? பட்டறையில் கேட்கிறார்கள்: "ஏப்பா, சென்னையின் இருக்கறப்ப மஞ்சச் சட்டை எதுக்கு?" அந்த 2016 ஃபைனலில் நாம் தமிழில் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து சீட்டுத் திருச்சூர்ப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "சென்னையின் ஆளா?" முகம் நிறைய மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்து! அண்ணன் அவனுக்கு முறுக்கு கொடுத்தார், பதில் சொல்லவில்லை. நமக்கே பதில் சொல்லப் பிடிக்காத கேள்வியைச் சண்டிகரிலிருந்து வந்தவனிடமும் கனடாவிலிருந்து வந்தவனிடமும் சிவப்பு மையில் கேட்கிறோம்.

சண்டிகர் என்றதும் ஜிங்கன் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், அதைச் சுற்றிப் போக முடியாது.

கிளப்பின் பின்பக்கச் சுவரில் நாம் வரைந்த ஒரே முகம் அவருடையது. அந்தத் தாடி, அந்த முடிக்கட்டு, கீழே 21. அவர் போனபோது கிளப் நிர்வாகமே அந்த எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று ஒதுக்கி வைத்தது. 2022 பிப்ரவரியில் நம்மோடு 2-2 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, பெண்களோடு ஆடியதாக ஒரு வார்த்தை விட்டார். தப்புதான். மன்னிப்பும் கேட்டார். நாம் அன்று ராத்திரியே சுண்ணாம்பு கலக்கினோம். அடித்தது நீங்கள், வாளியைத் தூக்கிக் கொடுத்தவன் நான். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் என் அக்கா மகள் கேட்டாள். பள்ளிக்கூட அணியில் லெஃப்ட் பேக் ஆடுகிறவள். "மாமா, அவரு எங்களத்தானே கேவலமாச் சொன்னாரு? நீங்க எதுக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்க?" என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், பெண்களைக் குறைத்துப் பேசினார் என்று நாம் கோபப்படவில்லை, நம்மைப் பெண்களோடு சேர்த்துப் பேசினார் என்றுதான் கோபப்பட்டோம். அவருக்கும் நமக்கும் அந்த ராத்திரி பெரிய வித்தியாசம் இல்லை.

சுண்ணாம்பு ஒரு கோட்டுதான் அடித்தோம். மழை பெய்து சுவர் ஈரமானால் தாடி தெரிகிறது. இந்தத் துலா மழையிலும் தெரிந்தது. போய்ப் பாருங்கள்.

இப்போது பட்டியல். சின்னப் பையன்கள் சொல்வதையும் கேட்டேன். அவர்களுக்கு லூனாதான் எல்லாம். அதில் எனக்கும் சண்டையில்லை. முன்னால் பாஸ் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்து காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்குகிற வேறு யாரை நாம் பார்த்தோம்? 2023 டிசம்பரில் அவர் முழங்கால் போனபோது முன்னணியில் இருந்த அணி சீசன் முடியும்போது ஐந்தாவது இடத்தில் நின்றது. டயமண்டகோஸ் அந்த சீசனில் 13 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். அவரும் வரட்டும். ஓக்பெச்சேக்காகப் பையன்கள் வாதாடுகிறார்கள், 2019-20ல் 15 கோல் என்று. உண்மை. ஆனால் அந்த வருஷம் நாம் ஏழாவது. எனக்கு அந்தப் பதினைந்தைவிட ரஃபியின் ஒரு தலை பெரிது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை, அந்த வேனில் வந்தவன் கணக்கு இது. சஹலுக்கு 2022 செமிஃபைனலில் ஜாம்ஷெட்பூர் கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட அந்த ஒரு கோல் போதும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான்: அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிடுங்கள். மஞ்சள் சட்டை போட்டிருந்தபோது என்ன செய்தான் என்பதை மட்டும் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் எங்கே கூலி வாங்கினான் என்பது அவன் வீட்டுக் கதை. சிவப்பு வரி இருந்தாலும் என் பங்கு இருநூறு ரூபாயைக் கொடுத்துவிடுவேன், அதை வைத்து மிரட்ட மாட்டேன். ஆனால் பெயிண்டருக்குச் சாரம் கட்ட அன்றைக்கு நான் வர மாட்டேன், பட்டறையில் ஓவர்டைம் இருக்கும்.

வரியை எடுத்தால் முதல் நாள் காலையிலேயே வருகிறேன், பின்பக்கச் சுவரைச் சுரண்ட உப்புத்தாளோடு.

கீப்பர் யார் என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. ஸ்டாக் என்று நான் எழுதினேன். 2022ல் கோல்டன் கிளவ் வாங்கிய கில்லை விட்டுவிட்டீர்களே என்று அக்கா மகள் தாளை வாங்கி அடித்துவிட்டாள். கில்லும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவன்தானே என்றேன். தாளைத் திருப்பி என் மடலின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள்.

இப்படிக்கு,
கிளப்பின் பழைய உறுப்பினன், வேனில் பின் சீட்டுக்காரன்