சிறார் ஜாமீனும் கரம் ரசீதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொலை வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கு ஜாமீனே கொடுக்கக் கூடாது என்று உங்கள் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் ஊர் டீக்கடையிலும், கேரளத்தில் கோழிக்கோடு பக்கத்துத் தாமரசேரியில் நடந்த சம்பவத்திலிருந்து இதே பேச்சுதான். 2025 பிப்ரவரி கடைசியில் மாணவர்கள் கைகலப்பில் அங்கே ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அடிபட்டு இறந்துபோனான். பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரின் ஆத்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தில் இருப்பதைப் படித்துவிட்டு மற்றவர்கள் பேசலாமே.

2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 12-வது பிரிவில், ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடக்கூடாத குற்றம் என்ற பேதமே இல்லை. சிறுவனை விடுவிப்பதுதான் முறை. மறுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். எதுவானாலும் எழுத்தில் பதிய வேண்டும். குற்றம் கொடியது என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. 16 வயது தாண்டியவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று பார்ப்பது வேறு கட்டம். காரணத்தை எழுத்தில் பதியாமல் ஜாமீன் மறுத்தது செல்லாது என்று 2024 ஆகஸ்டில் ராஜஸ்தான் சிறுவன் ஒருவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அவன் உள்ளே ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டான்.

அதே ஆண்டு புனேயில், பணக்கார வீட்டுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், அவனுக்கு 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லிச் சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்ததே, நாடே கொதித்தது அதற்குத்தான். அந்தக் கோபம் இப்போது விழுவதென்னவோ கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மேல்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எல்லையோரத்தில் ஜாமீன் உத்தரவு வாங்குவதைவிட ஆள் ஜாமீன் தேடுவதுதான் பெரும்பாடு. பையன் இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருப்பான், அப்பா அம்மா பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இருப்பார்கள். இங்கே கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதோடு ஒருவர் வந்து ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். கொலைக் கேஸ் என்றதும் சொந்தக்காரன்கூட ஒதுங்கிக்கொள்வான். காகிதமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். தகப்பனுக்குத் தமிழ் படிப்பதே தகராறு. உத்தரவு கையில் இருக்க, பையன் சிறுவர்களை அடைத்துவைக்கும் கூர்நோக்கு இல்லத்திலேயே கிடப்பான்.

இதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆள் ஜாமீன் இல்லாமலே விடலாம். நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விடலாம், தகுந்த ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். உத்தரவாகி ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றுவதற்காகச் சிறுவனை மறுபடி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியே ஆக வேண்டும். இந்த ஏழு நாள் விஷயம் பெற்றோருக்குத் தெரியாது. சில வக்கீல்களுக்குத் தெரிந்தும் ஞாபகத்துக்கு வராது. கட்சிக்காரரிடம் காசு இல்லையென்றால் ஞாபகமும் குறையும் போலிருக்கிறது.

இறந்த பையனின் தெருவிலேயே இவனும் நடமாடுவதா என்று கேட்பது நியாயம். அந்தப் பக்கம் போகக் கூடாது, சாட்சிகளிடம் பேசக் கூடாது என்று நிபந்தனை போட முடியும்.

அந்தப் பிரிவைத் தமிழில் எளிமையாக எழுதி, இலவசச் சட்ட உதவிக்கு யாரை அணுகுவது என்பதையும் சேர்த்து, உங்கள் பாலக்காடு பதிப்பில் ஒருமுறை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்