தெருப் பூனைகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவதை நிறுத்தி, கருத்தடை மற்றும் தடுப்பூசித் திட்டம் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருப் பூனைகளைப் பராமரித்து வரும் குடியிருப்பாளர்

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: தெருப் பூனைகளை இடம் மாற்றுவதைத் தடுத்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் கருத்தடைத் திட்டம் தொடங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சந்தில் சென்ற மாதம்வரை பதினொரு பூனைகள் இருந்தன. நானும் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரும் ஏழு ஆண்டுகளாக அவற்றுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து வருகிறோம். எது எந்த மதில் வழியாக இறங்கி வரும், எது எதனோடு மோதும் என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

பூனைத் தொல்லை தாங்கவில்லை என்று சிலர் புகார் சொன்னதன் பேரில், சென்ற மாதம் பூனை பிடிக்க ஆள் வரவழைக்கப்பட்டது. வந்தவர்கள் வலையும் சாக்குமாக ஒரே காலையில் நான்கைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஊருக்கு வெளியே" என்பதற்கு மேல் பதில் இல்லை.

புகார் சொன்னவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நடு இரவில் கடுவன்கள் கத்துவதும், வாசலில் மூத்திர வாடை வீசுவதும், குழந்தைகள் விளையாடும் மணலில் மலம் கிடப்பதும் உண்மையான தொல்லைகள்தான். அந்தத் தொல்லைகள் தீர வேண்டும் என்பதற்காகவே நானும் எழுதுகிறேன். ஆனால் கையாண்ட வழி தவறு. அதனால் என்ன நடந்தது என்பதைத் தாங்கள் முதலில் கேட்க வேண்டும்.

பிடிபட்டவற்றில் ஒன்று மூவண்ணப் பூனை. மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும் என்பது பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அது பால் கொடுத்துக்கொண்டிருந்ததை அதன் வயிற்றைப் பார்த்தாலே கண்டுகொண்டிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் இரவு, பயன்படாத தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடுக்கியிருந்த குழாய்களுக்கு நடுவிலிருந்து மிக மெல்லிய சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று குட்டிகள். கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்து நூல்போல ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருக்கும்.

கையில் எடுத்தபோது மூன்றும் சில்லிட்டிருந்தன. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டினால் செரிக்காது. முதலில் உடம்பில் சூடு ஏற வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தோம். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்துவிடும் என்பதால், பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைத் தேடி அலைந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம்வரை குட்டிகளுக்குத் தானாக மூத்திரம் பிரியாது. தாய் நக்கிவிட்டால்தான் பிரியும். அந்தத் தாயின் நாக்கு செய்கிற வேலையை மூன்று பேர் முறைவைத்துக் கண்விழித்தும் எங்களால் சரியாகச் செய்ய முடியவில்லை. ஒரு குட்டி விடிவதற்குள் போய்விட்டது. இன்னொன்று நான்காம் நாள். மூன்றாவது மட்டும் பிழைத்து எங்கள் வீட்டில் வளர்கிறது.

அந்தத் தாய் என்ன ஆனது என்பது தெரியாது. நாய் ஆளை நம்பும், பூனை இடத்தை நம்பும் என்பார்கள். பழகிய இடத்தில் தண்ணீர் எங்கே, மழைக்கு ஒதுங்க இடம் எங்கே, நாய் துரத்தினால் ஏறிக்கொள்ள எந்தச் சுவர் என்பதெல்லாம் பூனைக்கு மனப்பாடம். முன்பின் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் அத்தனையும் ஒரே நொடியில் இல்லாமல் போகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அதை அண்டவிடாது. பழைய இடத்தைத் தேடிச் சாலைகளைக் கடந்து நடக்கத் தொடங்கும். பால் கட்டிய மடியோடு இருக்கும் தாய்ப்பூனை நிச்சயம் நடக்கும்.

சரி, சந்தாவது அமைதியானதா? அதுவும் இல்லை. பிடித்துப்போன நான்கில் இன்னொன்று, ஒரு காதின் நுனி வெட்டப்பட்ட கிழட்டுக் கடுவன். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே எங்கள் சொந்தச் செலவில் கருத்தடை செய்திருந்தோம். அதைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூண்டின் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, பல இரவுகள் உள்ளே தீனி வைத்துப் பழக்கி, பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்த்து வைத்தோம். கதவு விழுந்ததும் கூண்டே அதிரும்படி மோதியது. மேலே ஒரு போர்வையைப் போட்டு இருட்டாக்கியதும் அப்படியே அடங்கி உட்கார்ந்துவிட்டது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் அதன் கத்தல் நின்றது, சண்டை குறைந்தது, முகத்தில் ஆறாமலே இருந்த காயம் ஆறியது. தொல்லை இல்லாத அந்தப் பூனையைத்தான் பிடித்துப் போனார்கள். அது விட்டுப்போன இடத்துக்கு மூன்றே வாரத்தில் இரண்டு புதிய கடுவன்கள் வந்துவிட்டன. இப்போது இரவெல்லாம் அவை போடும் சண்டையில் புகார் சொன்னவர்களுக்கும் தூக்கமில்லை.

இது எங்கள் சந்தில் மட்டும் நடக்கிற விஷயமல்ல. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா காடுகளில் பூனைகளைக் குறைந்த அளவில் பிடித்து அகற்றிப் பார்த்த ஆய்வில், எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியது. வலுவான பூனைகள் போனதும் சுற்றுப்புறத்துப் பூனைகள் அந்த இடத்துக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். உணவும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை காலியான இடம் காலியாக இருக்காது.

ஐயா, மாற்று வழி ஏற்கெனவே உலகின் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பூனையைக் கூண்டில் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கத்தில் இருக்கும்போதே அடையாளத்துக்காக ஒரு காதின் நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. காது நுனி இல்லாத பூனையைப் பார்த்தால் மறுபடி பிடிக்க வேண்டாம் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இப்படிச் செய்து, பழகக்கூடிய பூனைகளை வீடுகளுக்கும் தத்துக் கொடுத்ததில், 1996இல் 68ஆக இருந்த எண்ணிக்கை 2002இல் 23ஆகக் குறைந்தது. கண்காணிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ஒரு குட்டியைக்கூடப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவை வெளியிலிருந்து வந்தவையும் யாரோ கொண்டுவந்து விட்டவையும்தான்.

இதில் அரைகுறையாகச் செய்வதற்கு இடமில்லை. பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகக் கூடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். ஒரு தெருவில் நான்கு பூனைக்கு அறுவை செய்து பத்தை விட்டுவிட்டால், அடுத்த ஈற்றிலேயே பழைய கணக்கு திரும்பிவிடும். எனவே நகரம் முழுக்கச் சிதறிச் செய்யாமல், ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அங்குள்ள பூனைகளில் பெரும்பாலானவற்றை முடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குட்டிகள் ஒரு கிலோ எடை வந்ததும், அதாவது இரண்டு மாத வயதிலேயே அறுவை செய்யலாம். பால் கொடுக்கும் தாயைப் பிடிக்க நேர்ந்தால், கூடுமானவரை அன்றைக்கே திரும்ப விட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எழுத்தில் தர வேண்டுகிறேன்.

பிறக்கும் குட்டிகள் என்ன ஆகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியில் பிறந்த 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஆறு மாதம் ஆவதற்குள் இறந்துபோயின அல்லது காணாமல் போயின. காரணம் தெரிந்த சாவுகளில் முதலிடம் விபத்துக்கும் நாய்க்கடி போன்ற காயத்துக்கும். இதை வாசித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. ஏழு ஆண்டுகளில் எத்தனை குட்டிகளைத் துணியில் சுற்றிப் புதைத்திருக்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பிச் சன்னலைத் திறந்துபோடுகிறார்கள். மாடியிலிருந்து விழும் பூனைக்குத் தாடையும் நெஞ்சும் உடைகின்றன. காருக்கடியில் நிழலுக்கும், எஞ்சினுக்குள் கதகதப்புக்கும் போய் ஒடுங்குகின்றன. வண்டியை எடுப்பதற்கு முன் பானட்டை இரண்டு தட்டு தட்டினால் பல உயிர் பிழைக்கும். காய்ச்சல் என்று நினைத்து நல்ல மனத்தோடு பாரசிட்டமால் கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படித்தான். நகராட்சியின் அறிவிப்புப் பலகைகளில் இந்த நாலைந்து வரிகள் இடம்பெற்றால் போதும், செலவே இல்லாமல் பலன் கிடைக்கும்.

நகராட்சிக் கட்டடங்களில் எலிக்கு வைக்கும் மருந்தும் பசை அட்டையும் இன்னொரு பெரிய ஆபத்து. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அதே விஷம் ஏறி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகிறது. பசை அட்டையில் குட்டி ஒட்டிக்கொண்டு கிடந்ததை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். திறந்தவெளிகளில் இவ்விரண்டையும் வைக்க வேண்டாம் என்று தங்கள் பணியாளர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

நோய் பற்றிய அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. வெறிநோய்க்கு ஒரே அரண் தடுப்பூசி. ஆட்களைக் கண்டு ஓடும் பூனைக்கு அதைப் போடக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அறுவைக்காக மயக்கத்தில் இருக்கும் அந்த நேரம்தான். கடியோ பிராண்டலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் கருவுற்றிருக்கும் ஒரு பெண், வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமியை நினைத்துப் பயந்து என்னிடம் வந்தார். அந்தப் பயம் நியாயமானது. பூனையின் மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி, தொற்றும் நிலையை அடைய குறைந்தது ஒரு நாளாவது ஆகும். எனவே மலத்தைத் தினமும் அகற்றினால் ஆபத்து பெரிதும் குறைகிறது. அந்த வேலையை நாங்கள் செய்கிறோம். மண்ணில் வேலை செய்தபின் கை கழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் பூனையே இல்லாத வீட்டுக்கும் தேவை.

பறவைகள் விஷயத்தில் பூனைகளுக்காக வாதாட நான் தயாரில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அமெரிக்காவில் மட்டும் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பறவைகள் கூடு கட்டும் நீர்நிலைகளின் ஓரத்தில் தீனி வைப்பதைத் தாங்கள் தடை செய்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். அங்கிருக்கும் பூனைகளுக்கு மட்டும் காப்பகம் போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். தெருவில் பூனையே பிறக்காத காலம் வந்தால் பறவைக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது.

தீனி வைக்கும் எங்களுக்கும் கட்டுப்பாடு போடுங்கள். குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கருத்தடைக்கு ஒத்துழைக்காமல் தீனி மட்டும் வைப்பவரைக் கண்டிக்க வேண்டும். பெருகவிட்டுக்கொண்டே ஊட்டுவது அன்பல்ல என்பதை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அதேபோல, வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் வெளியே விடுவதும், குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து இரவோடு இரவாக விட்டுப்போவதும் நின்றாக வேண்டும். எங்கள் சந்துக்கு அப்படி வந்த பெட்டிகள் பல.

இப்போது சந்தில் ஒன்பது பூனைகள் உள்ளன. மூன்றுக்குக் கருத்தடை ஆகிவிட்டது. மீதி ஆறில் மூன்று பெட்டைகள்; அவற்றில் ஒன்று சினையாக இருப்பதுபோல் தெரிகிறது, அதற்கு எப்போது செய்வது என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். திட்டம் முழுமையாக வரும்வரை, எங்கள் பகுதியில் பூனைகளைப் பிடித்துக் கடத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு ஒன்றை வழங்கவும், அறுவைக்கு ஒரு நாள் குறித்துத் தரவும் பணிந்து வேண்டுகிறேன். கூண்டுகள் எங்களிடம் இருக்கின்றன. முந்தைய இரவே தீனியை நிறுத்தி, விடியற்காலையில் பிடித்து, தாங்கள் சொல்லும் இடத்துக்கு நாங்களே கொண்டுவந்து சேர்க்கிறோம். மயக்கம் தெளியும்வரை பார்த்துக்கொள்ள என் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: ஒன்பது பூனைகளின் புகைப்படங்கள், கருத்தடை ஆனவை ஆகாதவை விவரப் பட்டியல், அக்கம்பக்கத்தாரின் ஒப்புதல் கையெழுத்துகள்.