மழைக்காலத்துக்கு முன்பே தாலுகா மருத்துவமனைகளில் ஃப்ளூ பரிசோதனை வேண்டும்

பெறுநர்: இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.

பெருமதிப்பிற்குரியீர்,

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், காய்ச்சலோடு வருபவர்களில் யாருக்கு டெங்கு, யாருக்கு இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) என்று முதல் இரண்டு நாள்களில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. டெங்குவுக்கு என்.எஸ்.1 என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. இன்ஃப்ளூயன்சாவுக்கோ, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியைக் குழாயிலிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, வெளியூர் ஆய்வகத்துக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. முடிவு வந்து சேரும்போது நோயாளி ஒன்று குணமாகி வீடு திரும்பியிருப்பார், அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார்.

இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எதிரான ஓசல்டாமிவிர் மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். கர்ப்பிணிகள், முதியோர், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளோர் ஆகியோருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைத் தொடங்க வேண்டும் என்பதே நெறிமுறை. அதில் நான் மாற்றம் கோரவில்லை. ஆனால் கையில் முடிவில்லாத நிலையில் பாக்டீரியாவுக்கு எதிரான அசித்ரோமைசின் எழுதிக் கொடுப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது (வைரஸை அது ஒன்றும் செய்யாது என்பது எழுதுகிறவருக்கும் தெரியும்).

விலை மலிவு என்பதற்காக வைரஸின் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிஜென் சோதனைப் பட்டைகளை வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பல, நோயுள்ள பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை தவறவிடக்கூடியவை; ‘இல்லை’ என்று அவை காட்டுவதை நம்பி மருந்தை நிறுத்த முடியாது. வைரஸின் மரபணுவையே பெருக்கிக் கண்டறியும் மூலக்கூறு பரிசோதனையின் துல்லியம் இதைவிட மிக அதிகம், அரை மணி நேரத்தில் முடிவும் கிடைத்துவிடும்.

இதற்காக எல்லா இடங்களிலும் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. காசநோய்த் திட்டத்துக்காக வழங்கப்பட்ட, மூலக்கூறு பரிசோதனை செய்யும் சிபிநாட் (CBNAAT) கருவிகள் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே இயங்குகின்றன. மாதிரியை இட்டுக் கருவியில் பொருத்தும் கார்ட்ரிட்ஜை (சோதனைப் பெட்டியை) மாற்றினால் அதே கருவி இன்ஃப்ளூயன்சா ஏ, பி இரண்டையும் கண்டறியும். காசநோய் மாதிரிகள் தேங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் தனித்தனியே மாதிரிகளைச் சோதிக்கும் நான்கு அறைகள் கொண்ட கருவியில், அக்டோபர் முதல் ஜனவரி வரை மட்டும், ஓர் அறையை இதற்கென ஒதுக்குவது இயலாத காரியமன்று.

கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்பதால், காய்ச்சலுடன் வரும் அனைவருக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கப்படுபவர்களுக்கும் மேலே சொன்ன ஆபத்துப் பிரிவினருக்கும் செய்தால் போதும். முடிவு ‘உண்டு’ என வந்தால் நோயாளியைப் பொது வார்டிலிருந்து அன்றே தனிமைப்படுத்தலாம். ‘இல்லை’ என வந்தால் எலிக்காய்ச்சல் உள்ளிட்ட பிற காரணங்களைத் தாமதமின்றித் தேடலாம்.

இக்கருவிகள் பெரும்பாலும் ஏ, பி என்ற அளவிலேயே நிற்பவை. எனவே வைரஸின் உட்பிரிவை (எச்1என்1 போன்றவற்றை) கண்டறிய, ‘உண்டு’ எனக் காட்டிய மாதிரிகளில் ஒரு பகுதியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும், மழை தொடங்குமுன் வெளியிடும் ஆணையிலேயே சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசு தாலுகா மருத்துவமனை மருத்துவர் ஒருவர்